மரத்துக்கு ஆயிரத்து நூறு

‘விவசாயி’ என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. சினிமாக்காரன் பேசுகிறான், கட்சிக்காரன் பேசுகிறான், தோளில் பச்சைத் துண்டு போட்ட கல்லூரி மாணவன் கண்கலங்கப் பேசுகிறான். சோறு போடும் சாமி, நாட்டின் முதுகெலும்பு, இன்னும் என்னென்னவோ. நாற்பது வருடமாக இடுப்பொடியக் குனிந்து நாற்று நட்ட என் அம்மாவை ஒரு நாள்கூட யாரும் அந்தப் பேர் சொல்லி அழைத்ததில்லை. அவள் ‘நடவாளு’. என் அப்பா ‘காலனி ஆளு’. எங்கள் தெருவில் ஒரு விவசாயிகூடக் கிடையாது. ஆனால் எங்கள் தெரு ஒரு வாரம் படுத்துக்கொண்டால் ஊரில் ஒரு விவசாயியும் விவசாயம் செய்ய முடியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம். விவசாயத் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம். அதாவது மண்ணில் கை வைக்கிறவர்களில் மூன்றில் இரண்டு பேர் ‘விவசாயி’ இல்லை. இந்த 96 லட்சத்தில் நாம் எத்தனை பேர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புயலும் வெள்ளமும் வறட்சியும் வரும்போது அரசு ‘விவசாயிகளுக்கு நிவாரணம்’ என்று அறிவிக்கிறதே, அந்த அறிவிப்பின் முதல் வார்த்தையிலேயே நாம் வெளியே தள்ளப்பட்டுவிடுகிறோம். இது ஏதோ அதிகாரியின் அலட்சியம் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கஜா புயல் அந்த மயக்கத்தைத் தெளியவைத்தது.

2018 நவம்பர் 16, விடிந்தால் வெள்ளிக்கிழமை. வேதாரண்யம் பக்கத்தில் கரையேறிய காற்று எங்கள் ஊர் மேல் வந்தபோது மணி இரண்டு இருக்கும். எங்களுடையது திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சேரி. காற்று ஒரு பக்கமாக அடித்து நின்றது. நின்றுவிட்டது என்று நினைத்து வெளியே வந்தோம். பிறகு எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. எங்கள் வீட்டுக் கீற்று மொத்தமும் பறந்து போனதை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. அம்மா ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். விடிந்து பார்த்தால் ஊரே வெட்டவெளி. எப்போதும் தோப்பு மறைத்துக்கொண்டிருக்கும் மெயின் ரோடு எங்கள் தெருவிலிருந்து தெரிந்தது. “இம்புட்டுக் கிட்டயா இருந்துச்சு ரோடு” என்று ஒரு கிழவி கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் நிவாரண லாரிகள் உள்ளே வரவில்லை. ரோட்டோரம் யார் வீடுகள் இருக்குமோ அவர்கள் வீடுகளோடு நின்றன. அந்தக் கதை எல்லாச் சேரிக்கும் உள்ள கதைதான், 2004 சுனாமியின்போதே நாகப்பட்டினக் கடற்கரையில் நாம் பார்த்தது. மீனவருக்கு என்று வந்த நிவாரணத்தில், மீன் கூடை சுமந்தவர்களும் உப்பளத்தில் வேலை செய்தவர்களும் கடலோரச் சேரியில் கூலிக்குப் போனவர்களும் ‘பாதிக்கப்பட்டவர்’ ஆவதற்கு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதை விட்டுவிட்டு, எண்ணுவதற்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

தென்னந்தோப்புகளை எண்ண வந்தார்கள். நன்றாகவே எண்ணினார்கள், நான் குறை சொல்லவில்லை. விழுந்த மரம், முறிந்த மரம், கொண்டை திருகி நின்ற மரம் என்று தோப்புத் தோப்பாக நடந்து குறித்தார்கள். ஒரு தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்குப் போட்டு 1,92,500 ரூபாய். தோப்புக்காரர்கள் இது போதாது என்றார்கள். போதாதுதான். காய்ப்புக்கு வந்த தென்னையை 1,100 ரூபாய்க்கு எவன் கொடுப்பான்? மறுபடி வைத்து வளர்க்க எத்தனை வருடம் ஆகும்? அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் ஒரு தென்னை என்றால் என்ன? அதன் அடியில் பள்ளம் வெட்டியவன் யார்? ஏறிக் காய் பறித்தவன் யார்? மட்டை உரித்தவன், விழுந்த மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கீற்றுப் பின்னியவள், ஈர்க்குக் கிழித்து விளக்குமாறு கட்டியவள்? எங்கள் தெருப் பெண்களுக்கு நடவு இல்லாத மாதங்களில் அடுப்பெரிந்தது கீற்றுப் பின்னிய காசில். அந்த மரம் விழுந்தபோது அதன் சொந்தக்காரருக்கு ஒரு சொத்து விழுந்தது. எங்களுக்கு ஆறேழு வருடத்துக்கான வேலை விழுந்தது. மரத்தை எண்ணினார்கள். மரத்தால் பிழைத்த ஆட்களை எண்ணுவதற்கு அவர்கள் கையிலிருந்த படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

இல்லை, ஒரு கட்டம் இருந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்த விதிமுறைகளில், வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவித்தொகை என்று ஒரு வரி உண்டு. 2015-ல் வந்த விதிப்படி பெரியவருக்கு ஒரு நாளைக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய். அதே 2018-19-ல் அதே அரசாங்கம் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்திருந்த நூறு நாள் வேலைக் கூலி 224 ரூபாய். அதாவது குளத்தில் மண் அள்ளினால் உன் நாள் 224 பெறும். புயலில் பிழைப்பு போய் உட்கார்ந்திருந்தால் அதே நாள் 60 பெறும். அந்த அறுபதாவது வந்ததா என்றால், எங்கள் தெருவில் அப்படி ஒரு தொகையைப் பற்றிக் கேள்விப்பட்ட ஆள்கூட இல்லை. 2022-ல் புதிய விதிகள் வந்தபோது அந்தத் தொகையை நூறு நாள் வேலைக் கூலியோடு இணைத்தார்கள். அதாவது அறுபது என்பது அநியாயம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். எழுதப்பட்டிருக்கிறது, மாற்றி எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் சேரிக்கு வந்து யாரும் வாசிக்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது. குடிசைக்கு 10,000 ரூபாய் வந்தது. முழுச் சேதமா பகுதிச் சேதமா என்று ஒரு வாரம் இழுத்து, பகுதிச் சேதம் என்றால் 4,100தான் என்று பயமுறுத்தி, கடைசியில் வந்தது. அதை வைத்துக் கீற்று வாங்கலாம் என்று போனால் கீற்று எங்கே? மரமே இல்லையே.

இப்போது வயலுக்கு வருகிறேன். என் அப்பா ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு, வாய்ப்பேச்சுக் குத்தகைக்குப் பார்த்தார். நிலத்துக்காரர் சென்னையில் குடியேறிப் பல வருடமாகிவிட்டது. பொங்கலுக்கு வருவார், கோயில் திருவிழாவுக்கு வருவார். பத்திரம் கிடையாது, ரசீது கிடையாது. உழவுக்கு டிராக்டர் வாடகை, விதை, உரக்கடைப் பாக்கி எல்லாம் எங்களுடையது. அம்மா வாங்கிய குழுக் கடனும், அடகு வைத்த அவள் தோடும் அந்தச் சம்பாவில்தான் போட்டது. தூர் கட்டிக்கொண்டிருந்த பயிர். புயலோடு வாய்க்கால் உடைந்து தண்ணீர் ஏறி நின்றது. வடிய வழியில்லாமல் அழுகிற்று.

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் இடுபொருள் மானியம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமிருந்தால் கிடைக்கும். ஆறு மாவுக்கு ஏறக்குறைய 10,930 ரூபாய். பெயரைக் கவனியுங்கள், ‘இடுபொருள் மானியம்’. நிலத்துக்கு வாடகை அல்ல. விதைக்கும் உரத்துக்கும் உழவுக்கும் போட்ட காசில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது. இடுபொருளை இட்டவர் யாரோ அவருக்குச் சேர வேண்டிய காசு. அது பட்டாதாரரின் வங்கிக் கணக்குக்குப் போனது. போன விஷயமே எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

அப்பாவோடு நானும் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பது முக்கியமில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்கள்.

“பட்டா யார் பேர்ல இருக்கு?”

“அவுங்க பேர்லதாங்க.”

“அடங்கல்ல?”

“அதுலயும் அவுங்கதாங்க.”

“அப்பறம் ஒனக்கு என்னய்யா நட்டம்?”

அப்பா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். அவருக்கு எழுபது வயது. கேட்டவருக்கு முப்பது இருக்கலாம். நான் வாயெடுத்தேன். “தம்பி, நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியும், ரெக்கார்டுல இருக்கறதத்தான நாங்க பாக்க முடியும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் என்னை அதிகமாகச் சுட்டது.

ஊருக்குத் திரும்பியதும் நிலத்துக்காரர் போன் செய்தார். அந்த வருடக் குத்தகையில் இரண்டு மூட்டை தள்ளிக்கொடுப்பதாகச் சொன்னார். ஊரே அவருடைய தாராள மனசைப் பேசியது. எங்கள் காசில் எங்களுக்குத் தர்மம்.

‘ரெக்கார்டு’ என்கிறார்களே, அந்த ரெக்கார்டு எப்படி உண்டாயிற்று? 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு சட்டம் வரும்போதும் மிராசுதார்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான், எதையும் எழுத்தில் கொடுக்காதே. பதிவு செய்யப் போனால் அடுத்த வருடம் நிலம் இல்லை. ஆகவே நாம் பதிவு செய்யவில்லை. பதிவு இல்லாததால் நாம் குத்தகைதாரர் இல்லை. பரம்பரைக் கர்ணமும் மணியமும் 1980-ல் ஒழிந்தார்கள், அரசு ஊழியர்கள் வந்தார்கள். நோட்டும் பேனாவும் கைமாறின. ஆனால் அடங்கல் எழுத வருகிறவர் இன்றும் முதலில் போய் உட்காரும் திண்ணை எது? சேரித் திண்ணையா? வயலில் நிற்கிறவனைக் கேட்டு எழுத வேண்டிய கணக்கை, நிலத்துக்காரர் வீட்டு மோரைக் குடித்துவிட்டு எழுதினால் யார் பேர் விழும்?

சிலர் சொல்வார்கள், “இதெல்லாம் சாதிப் பிரச்சினை இல்லப்பா, நிலம் வைத்திருக்கிறவன், இல்லாதவன் பிரச்சினை” என்று. நிலம் யாரிடம் இருக்கிறது என்பது எப்போது சாதிப் பிரச்சினை இல்லாமல் இருந்தது? மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு நாம். சாகுபடி நிலப்பரப்பில் நம் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதி, அதன் பேரில் பஞ்சமி நிலங்கள் கொடுக்கப்பட்டன. பட்டியல் சாதியார் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். அவை இப்போது யாருடைய பட்டாவில் இருக்கின்றன? அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணை போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிக்கு ஜான் தாமஸையும் ஏழுமலையையும் கொடுத்தோம். பறித்த நிலத்தின் பயிர் சேதமானால், பறித்தவருக்கு நிவாரணம். பறிகொடுத்தவர் அங்கே களையெடுத்துக்கொண்டிருந்தால், அவர் கூலி, அவருக்கு எதுவும் இல்லை.

இங்கே ஒரு தூர தேசத்துக் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1865-ல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் என்று ஒரு ராணுவ உத்தரவு நிலம் ஒதுக்கியது. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய ஆண்டைகளிடமே திருப்பிக்கொடுக்க வைத்தார். பஞ்சமி நிலம் நினைவுக்கு வருகிறதா? அப்படியும் உழைத்து நிலம் வாங்கினார்கள். 1920-ல் கறுப்பின மக்களின் பண்ணைகள் 9,25,000. எண்பது வருடத்துக்குள் அது 18,000-க்கும் கீழே வந்தது. எங்கே போயிற்று? அங்கே ஒவ்வொரு கவுண்டியிலும், நம் தாலுகா, மாவட்டம் மாதிரி, உள்ளூர் விவசாயிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு கமிட்டி உண்டு. அரசுக் கடனும் பேரிடர் நிவாரணமும் அந்த ஏற்பாட்டின் வழியாகத்தான் கிராமத்துக்கு வந்தன. கமிட்டிகளில் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளைக்காரர்கள். பனியோ வறட்சியோ வந்தால் வெள்ளை விவசாயிக்கு நிவாரணம் உடனே கிடைக்கும். கறுப்பின விவசாயியின் மனு மேசையில் கிடக்கும், அல்லது விதைப்புக் காலம் முடிந்த பிறகு கையெழுத்தாகும். புகார் கொடுக்கலாமென்றால், விவசாயத் துறையின் சிவில் உரிமைப் பிரிவையே 1983-ல் ரீகன் ஆட்சியில் கலைத்துவிட்டார்கள்.

1997-ல் வட கரோலினாவைச் சேர்ந்த திமோத்தி பிக்ஃபோர்டு என்ற கறுப்பின விவசாயியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 1999-ல் நீதிபதி பால் ஃப்ரீட்மன் ஒப்பந்தத்தை ஏற்றுத் தீர்ப்பெழுதினார். பெரும்பாலானவர்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர். இந்த வழக்கில் இரண்டு விஷயங்களை நான் உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, விவசாயம் செய்தவர் மட்டுமல்ல, விவசாயம் செய்ய முயன்றவரும் இழப்பீடு கேட்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். நிலமும் கடனும் மறுக்கப்பட்டதால் விவசாயி ஆக முடியாமல் போனவனும் பாதிக்கப்பட்டவன்தான் என்று பொருள். இந்த ஒரு வரி நம் வருவாய்த் துறைக்குப் புரிய இன்னும் எத்தனை புயல் வர வேண்டுமோ! இரண்டாவது, அங்கேயும் காகிதத்தால் அடித்தார்கள். உன்னைப் போன்ற நிலைமையில் இருந்த ஒரு வெள்ளை விவசாயிக்கு உன்னைவிட நல்ல கவனிப்புக் கிடைத்தது என்று ஆளைக் காட்டி நிரூபிக்க வேண்டும் என்றார்கள். அவனுடைய கணக்கு இவனுக்கு எப்படித் தெரியும்? ஆயிரக்கணக்கானவர்கள் இதில் தோற்றுப்போனார்கள். விண்ணப்பிக்கும் தேதி தவறியவர்களுக்காக 2010-ல் மறுபடியும் 125 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. 2021-ல் அவர்களுடைய கடனைத் தள்ளுபடி செய்ய ஒரு சட்டம் வந்ததும் வெள்ளை விவசாயிகள் ‘எங்களுக்கு அநீதி’ என்று கோர்ட்டுக்குப் போய் நிறுத்தினார்கள். 2022-ல் அந்தத் திட்டத்தையே நீக்கிவிட்டார்கள். ஆதிக்கம் எல்லா ஊரிலும் ஒரே பாஷைதான் பேசுகிறது. அவர்களிடமாவது வழக்குப் போட ‘விவசாயி’ என்ற பெயர் இருந்தது. நம்மிடம் அதுவும் இல்லை.

விவசாயச் சங்கத் தோழர்களிடமும் எனக்கு வழக்கு இருக்கிறது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்தது செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும், கூலி உயர்வு கேட்டதற்காகவும்தான். அதை மறக்கிறவன் மனிதனில்லை. விவசாயத் தொழிலாளருக்கும் நிவாரணம் கொடு என்ற கோரிக்கை உங்கள் நோட்டீஸ்களில் வருவதையும் பார்க்கிறேன். எத்தனையாவது கோரிக்கையாக? ஏழாவது, எட்டாவது. பேச்சுவார்த்தை மேசையில் முதல் மூன்று முடிந்ததும் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். மானியத்தை உயர்த்து என்று மறியல் செய்யும்போது ரோட்டில் உட்கார எங்கள் ஆட்கள் வேண்டும். உயர்த்திய மானியம் எங்கே போகிறது என்று கேட்டால், “ஒற்றுமையைக் குலைக்காதீங்க தோழர்” என்கிறீர்கள்.

உயர்ந்ததா என்றால், உயர்ந்தது. நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு, 2021 ஜனவரியில், நெல்லுக்கு 13,500-ஐ 20,000 ஆக்கினார்கள். இரண்டு ஹெக்டேர் என்ற உச்சவரம்பையும் தளர்த்திச் சேதமான பரப்பு முழுவதற்கும் கொடுத்தார்கள். எவ்வளவு நிலம் வைத்திருந்தாலும் அவ்வளவுக்கும் நிவாரணம். நிலமே இல்லாதவனுக்கு எந்தத் தளர்வும் இல்லை. அடுத்த மாதமே 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி. பட்டா இல்லாமல், அடங்கல் இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிய ஒருவரை எனக்குக் காட்டுங்கள். என் அம்மாவின் குழுக் கடனை யார் தள்ளுபடி செய்தார்? வாராவாரம் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். 2019-ல் மத்திய அரசு ஆரம்பித்த வருடத்துக்கு 6,000 ரூபாய்த் திட்டமும் நிலம் தன் பேரில் இருக்கும் குடும்பத்துக்குத்தான். குத்தகைக்காரனுக்கும் கூலிக்காரிக்கும் இல்லை என்று அதன் வரையறையிலேயே இருக்கிறது.

“கூலிக்காரனுக்கு முதலீடு இல்லையே, அவனுக்கு என்ன நட்டம், வேறு வேலைக்குப் போகலாமே” என்று என் நண்பர் ஒருவர், முற்போக்காளர்தான், கேட்டார். எந்த வேலைக்கு? ஊர் முழுக்கத் தோப்பும் வயலும் போன பிறகு எந்த வேலை மிச்சமிருந்தது? எங்கள் தெருப் பையன்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பஸ் ஏறினார்கள். சிலர் படிப்பை விட்டு ஏறினார்கள். அதற்கு எந்த அடங்கலில் கணக்கு? எங்கள் முதலீடு உடம்பு. அது சேதமானால் மூன்றில் ஒரு பங்கா, பாதியா என்று யாரும் வந்து அளப்பதில்லை.

வருடத்துக்கு ஒரு முறை சேரியில் வந்து உட்கார்ந்து, எந்த வயலில் யார் கால் பதிகிறதோ அவர் பேரை அடங்கலில் எழுது. நிலத்துக்காரர் சம்மதம் கேட்காதே. யாருக்கு எவ்வளவு நிவாரணம் போயிற்று என்ற பட்டியலை எங்கள் தெருவிலும் ஒட்டு. சேதக் கணக்கு எடுக்கும்போது எத்தனை நடவாள், எத்தனை களையாள், எத்தனை கீற்றுப் பின்னுகிறவள் என்று அதே தாளில் எழுது, பெண்களின் பேரைத் தனியாக எழுது. ஒரு வயல் அழிந்தால் அதில் எத்தனை நாள் கூலி அழிந்தது என்பது வேளாண்மைத் துறைக்குத் தெரியாத கணக்கா? ஏக்கருக்கு இத்தனை ஆள் என்று சாகுபடிச் செலவைப் போடும்போது அவர்களே எழுதுகிறார்களே. செலவுக் கணக்கில் ஆளாக இருக்கிற நாங்கள் நட்டக் கணக்கில் எப்படிக் காணாமல் போகிறோம்?

போன சம்பாவுக்கு அப்பா இல்லை. அம்மாதான் அந்த ஆறு மாவைப் பார்க்கிறாள். அடங்கல் எழுத வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரப்பில் போய் நின்றிருக்கிறாள். “இந்தக் கொல்லையில யாரும்மா பயிர் வக்கிறது?” என்று கேட்டிருக்கிறார் புதிதாக வந்தவர். “நாந்தான்யா வக்கிறேன், எம் பேர எழுது” என்றிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, “ஓனர் நம்பர் இருந்தா குடும்மா” என்றாராம்.

அம்மா நம்பரைக் கொடுக்கவில்லை. அவர் வேறு யாரிடமாவது வாங்கியிருப்பார்.